உயர்த்தத் தெரிந்தவனிடம் தாழ்த்தச் சொன்னவளுக்கு

கிள்ளான் ஆற்றின் சொந்தக்காரியே, பள்ளத்தாக்கின் அத்தனை லோங்காங் வடிகால்களுக்கும் தலைவியே, என் தங்கச்சி பெற்ற ஒற்றை ரத்தினமே, புவனா கண்ணு,

மாமாதான் எழுதுகிறேன். நீ இருந்தபோது உனக்கு ஒரு வாட்ஸ்அப் செய்திகூட முழுதாக அனுப்பாதவன். நீ பத்து வரி எழுதினால் ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டவன். இப்போது கடிதமே எழுதுகிறேன். அதையும் ஊர் பார்க்கப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன்னிடம் மட்டும் தனியாக மன்னிப்புக் கேட்டால் அது ரொம்ப லேசான வேலையாகப் போய்விடும். நீ இப்போதெல்லாம் எதிர்த்துப் பேசுவதில்லை. நம் வரிசையில் இருக்கிறவர்கள் பேசுவார்கள்.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. இங்கே என்னென்ன நடந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால், உனக்குத் தெரிந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். பொறுத்துக்கொள்.

மாமா யார்? கிள்ளான் வட்டாரத்தின் சிமெண்டுச் சக்கரவர்த்தி. முப்பது வருடமாக வீடு புதுப்பிக்கும் காண்ட்ராக்டர். இந்த ஊரில் நான் சிமெண்டு போடாத இடம் ஆறு ஒன்றுதான். அதுவும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்ததால் என் கையிலிருந்து தப்பித்தது.

நம் தாமான் குடியிருப்பில் நம் வரிசைக்குப் பன்னிரண்டு வீடு. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒற்றைத் தள வீடுகள். மேட்டில் முதல் வீடு என்னுடையது. பள்ளத்தில் கடைசி வீடு உன் அம்மா பத்மாவுடையது. ஓரத்து வீடு என்பதால் அதற்குப் பக்கவாட்டில் பத்தடி அகலத்துக்கு மண் தரை உண்டு. அதில் அவளுடைய மல்லிகை, கறிவேப்பிலை, செராய் என்கிற எலுமிச்சைப்புல். மற்ற பதினோரு வீட்டிலும் ஒரு புல்கூடக் கிடையாது. முன்வாசல் முழுக்கச் சிமெண்டு, அதன்மேல் டைல்ஸ். பின்னால் சமையலறையை நீட்டி, லோங்காங்கின் மேல் பலகை போட்டு மூடி, அதன்மேல் துணி துவைக்கும் இயந்திரம். எல்லாம் இந்தக் கையின் கைங்கரியம்.

முதல் தடவை வீடுகளுக்குள் வெள்ளம் வந்தபோது நாலாம் வீட்டுக்காரர் வந்தார். "பாஸ், வாசலை அரை அடி ஒசத்திப் போடுங்க லா" என்றார். போட்டேன். அடுத்த மழையில் அவருடைய தண்ணீர் ஐந்தாம் வீட்டுக்குப் போனது. ஐந்தாம் வீட்டுக்காரர் முக்கால் அடி கேட்டார். ஆறாம் வீட்டுக்காரருக்கு அது மானப் பிரச்சினை, ஒரு அடி. நானும் சும்மா இருப்பேனா, என் வீட்டை எல்லோருக்கும் மேலே ஏற்றினேன். நம் வரிசை இமயமலைக்கே சவால் விட்டது. என் வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் பினாங்குப் பாலம் தெரியும் என்று பந்திங் வரைக்கும் போய்ச் சொல்லியிருக்கிறேன். தார் போட வந்தவர்களும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே ஊற்றிவிட்டுப் போனதில் ரோடும் வளர்ந்தது.

எல்லோரும் உயர்ந்தோம். உன் அம்மா வீடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதாவது, கீழே போனது.

அதை உயர்த்த நீதான் விடவில்லை. பிரிக்பீல்ட்ஸில் உன் ஆபீசுக்குப் பக்கத்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நாம் போட்ட சண்டை அந்தக் கடைக்காரருக்கு இன்றும் நினைவிருக்கும்.

"ஏம்மா மருமகளே, வருஷக் கணக்கா படிச்சுட்டு லோங்காங் வரையற வேலையா? சொல்லியிருந்தா மாமா நாலு நாள்ல கத்துக்குடுத்திருப்பேனே."

"நீங்க மூடக் கத்துக்குடுப்பீங்க மாமா. நான் தொறக்கப் படிச்சேன்."

"அப்படி என்ன பெரிய படிப்பு?"

"ஊரையே சிமெண்டு போட்டு மூடிட்டீங்க. மழை வந்தா எங்க உக்காரும்?"

"மழைக்கு நாற்காலி போடணுமா?"

"போடணும். சோத்துல குழி பறிச்சுத்தானே ரசம் ஊத்திக்கிறீங்க? குழி இல்லாம ஊத்துனா எங்க போகும்?"

"வேட்டிக்குப் போகும்."

"அதான் மாமா நம்ம தாமான்."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. செந்தூலிலும் பங்சாரிலும் பெரிய பெரிய மாடி வீடுகளுக்கு நீ மழைக்கு இடம் விட்டு வரைந்து கொடுத்தாய் என்று உன் ஆபீசில் எல்லோரும் சொன்னார்கள். சொந்த மாமனை மட்டும் உன்னால் திருத்த முடியவில்லை. நான் அந்த அளவுக்குக் கெட்டியான கலவை.

ஆஸ்பத்திரியில் நாம் கடைசியாகப் பேசியதற்கு வருகிறேன். ரத்தத்தில் நோய் என்று சொன்னதிலிருந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. தலையில் பஞ்சுத் தொப்பி. கை குச்சியாகியிருந்தது. பத்மா குடிக்க மைலோ வாங்கக் கீழே போன நேரம் பார்த்து, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதம் எடுத்தாய். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுப் பட்டியலின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்த நம் வரிசை. பன்னிரண்டு கட்டம்.

"மாமா, உங்களுக்கு ஒரு வேலை."

"உத்தரவு மகாராணி. எத்தனை மாடி?"

"மாடி இல்ல. ஒவ்வொரு வாசல்லயும் ரெண்டடி அகலத்துக்குச் சிமெண்டை வெட்டி எடுத்துட்டு ஜல்லி போடணும். பின்னாடி லோங்காங் மேல இருக்குற பலகையெல்லாம் எடுக்கணும். அம்மா தோட்டத்தை மூணு அடி தாழ்த்தணும்."

"தாழ்த்தணுமா? இந்த வார்த்தையை மாமா கேள்விப்பட்டதே இல்லையே."

"வர்ற தண்ணி மொதல்ல அங்க வந்து நிக்கட்டும். பாதி மண்ணு குடிச்சுடும். மீதி ஒரு குழாய் வழியா மெதுவா லோங்காங்குக்குப் போகும். வீட்டைத் தொடாது. யார் வீட்டையும் தொடாது."

"அம்மாவோட செடி?"

"அதான் உங்ககிட்ட சொல்றேன். நான் சொன்னா அழுவாங்க. நீங்க சொல்லுங்க. சொல்லுவீங்கல்ல மாமா?"

"சரி லா" என்றேன்.

அது பொய், கண்ணு. நோயாளியிடம் சொல்கிற சரி. நீ எழுந்து வீட்டுக்கு வந்த பிறகு சாவகாசமாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இரண்டு வாரத்தில் வந்தாய். நான் நினைத்த மாதிரி வரவில்லை.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மதியம் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. இந்திரன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டு, அவனும் நல்ல காண்ட்ராக்டர் கிடைக்காமல் அப்படியே விட்டுவிட்டான். கேட்டுக்கு வெளியே கழற்றிப் போட்டிருந்த செருப்புகளெல்லாம் வரிசை கட்டிக்கொண்டு கோலக்கிள்ளானுக்குக் கப்பலேறப் போய்விட்டன. துக்கத்துக்கு வந்த மூவாயிரம் பேரும் வெறுங்காலோடு வீடு திரும்பினார்கள். இதுவரைக்கும் நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். சிரிப்பார்கள். இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமல் பேச்சை மாற்றிவிடுவேன். இன்று மாற்றவில்லை.

தண்ணீர் கூடத்துக்குள் வந்தது. பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்துகொண்டார்கள். பத்மா எழவில்லை. உன் பெட்டியின் கால்மாட்டில், தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிம்மா பத்மா."

"அவளைத் தண்ணி தொடக் கூடாதுண்ணே. ஏதாவது செய்."

பெட்டி இருந்தது இரண்டு குட்டைப் பெஞ்சின் மேல். வெளியே என் லோரியில் செங்கல் இருந்தது. நாலு பேர் உன்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். நான் தண்ணீரில் மண்டியிட்டு, பெஞ்சின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் செங்கல் வைத்தேன். முதலில் ஒன்று. தண்ணீர் ஏறியது. இரண்டு. பிறகு மூன்று. உன்னை இறக்கி வைத்ததும், பழகிய கை, சட்டைப் பையிலிருந்த சின்ன ரசமட்டத்தை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தது. குமிழி அசையாமல் நடுவில் நின்றது. முப்பது வருடத்தில் எந்த வீட்டையும் நான் அவ்வளவு சுத்தமாக உயர்த்தியதில்லை.

காலைச் சுற்றி நின்ற தண்ணீர் வானத்திலிருந்து நேராக அங்கே வரவில்லை என்பது எனக்குத் தெரியும். பதினோரு வாசலிலிருந்தும் நான் ஒழுங்காகச் சரிவு பார்த்து அனுப்பிவைத்த தண்ணீர் அது.

அன்றிலிருந்து உயர்த்தும் வேலை எதையும் நான் எடுக்கவில்லை. யாராவது கேட்டால் இடுப்புவலி என்பேன். கேட் மாட்டினேன், குழாய் மாற்றினேன். உன் காகிதத்தைப் பற்றி மட்டும் உன் அம்மாவிடம் வாயைத் திறக்கவில்லை. மகளைப் பறிகொடுத்தவளிடம் போய்த் தோட்டத்தையும் கொடு என்று எப்படிக் கேட்பது? நீ அதை யோசித்தாயா? யோசித்துத்தான் என் தலையில் கட்டினாயா?

போன மாதம் பத்மாவே என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, வீட்டை ஒசத்திக் குடு. மூணு அடி. அடுத்த பெரிய மழைக்கு முன்னாடி முடிச்சிடு."

"இப்ப என்னம்மா அவசரம்?"

"அவ ரூம் அப்படியே இருக்கு. துணி, புத்தகம், அந்த வெள்ளை ஹெல்மெட், வரைஞ்சு வச்ச காகிதமெல்லாம். அன்னிக்கு அவளையாவது தூக்கி வச்சோம். இதையெல்லாம் யார் தூக்கி வைப்பா?"

இதற்கு நீ என்ன பதில் சொல்லியிருப்பாய்? நான் "சரி" என்றேன். மகளுக்கு ஒரு சரி, அம்மாவுக்கு ஒரு சரி. ஒன்று மூன்றடி கீழே போகிறது, இன்னொன்று மூன்றடி மேலே போகிறது. நடுவில் மாமா.

லோரி வந்து செங்கல்லையும் மணலையும் அவள் வாசலில் கொட்டிவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலையும் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயையும் எடுத்துக்கொண்டு மட்டம் பார்க்கப் போனேன். குழாயின் ஒரு முனையை உன் வீட்டுச் சுவரிலும் இன்னொரு முனையைப் பக்கத்து வீட்டு மணியத்தின் சுவரிலும் பிடித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். மணியம் வேலியோரம் வந்து நின்றார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், உனக்குத் தெரியும். அவர் மனைவி கை கால் விளங்காமல் இப்போது முன்கூடத்துக் கட்டிலில்தான் இருக்கிறார். அது நீ போன பிறகு நடந்தது.

"எவ்வளவு அண்ணே ஒசத்துறீங்க?"

"மூணு அடி."

"அப்ப எங்க வீட்டைவிட ரெண்டடி மேல."

"ஆமா."

"தண்ணி இனிமே எங்க போகும்?"

"உங்க வீட்டுக்குத்தான். ஒரு படகு வாங்கிக்குங்க மணியம். நானே ஓட்டுறேன்."

அவர் சிரிக்கவில்லை. "அவளைத் தூக்கிப்போட்டுக்கிட்டு ஓட எனக்குத் தெம்பில்லை அண்ணே. அதுக்குத்தான் கேட்டேன்" என்றார். கோபமே இல்லை அவர் குரலில். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன்.

எனக்குப் பின்னால் பத்மா தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். தட்டைச் செங்கல் குவியல்மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பையிலிருந்து உன் காகிதத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நீ சொன்னதையெல்லாம் சொன்னேன்.

"எப்ப குடுத்தா இதை?"

"நீ மைலோ வாங்கக் கீழ போனப்ப."

"பத்து மாசமா வாயில என்ன வச்சிருந்த?"

கொழுக்கட்டை என்று சொல்லியிருக்க வேண்டும். வழக்கமான மாமாவாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"நான் அழுவேன்னு சொன்னாளா? அதுக்குத்தான் எங்கிட்ட சொல்லலையா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் செங்கல்மேல் உட்கார்ந்திருந்தேன். தேநீர் ஆறியது. மணியமும் உள்ளே போகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிள்ளான் சரித்திரத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே முற்பகல் அதுதான்.

மதியம் கதவு திறந்தது. கூடையோடு வந்து மல்லிகையில் இருந்த மொட்டையெல்லாம் பறித்து முடித்தாள். பிறகு, "எங்கேயிருந்து எதுவரைக்கும் தோண்டச் சொல்லியிருக்கா?" என்று கேட்டாள். நூல் பிடித்துக் காட்டினேன். நூல் மல்லிகையின் மேலேயே போனது.

"அதை நானே எடுத்துக்கிறேன். நீ சங்குலைப் போட்டுக் கொத்திடாத" என்றாள், என் கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்து. கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அவ சாமானுக்கு வழி சொல்லு" என்றாள்.

"என் வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம் பத்மா. வரிசையிலேயே ஒசரமான வீடு. நோவாவோட கப்பலே வந்தாலும் என் வாசல்லதான் கட்டணும்."

உன் துணி ஒரு மூட்டை. நான் வாங்கப் போனேன், தரவில்லை. "நீ முன்னால நட" என்றாள். ரோட்டில் நடந்தோம். ஒவ்வொரு வாசலுக்கும் கார் ஏறுவதற்கு நான் போட்ட சரிவு. ஒவ்வொன்றின் எதிரிலும் நின்றாள்.

"இது நீ போட்டதா?"

"ஆமா."

"இது?"

"அதுவும்தான்."

"இதுவுமா?"

ஐந்தாறு வீடு தாண்டியதும் கேட்பதை நிறுத்திவிட்டாள். நான்தான் ஒவ்வொரு வாசலுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

என் வீட்டுச் சரிவுதான் எல்லாவற்றிலும் செங்குத்து. பத்மா இரண்டு தடவை காலை வைத்துப் பார்த்தாள். முட்டி ஒத்துழைக்கவில்லை. மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு சரிவின் அடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இவ்வளவு ஒசரத்துல இருக்கியே. உன்னைப் பாக்க யாருண்ணே வருவா?"

பத்து மாதமாக அவள் என் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. துக்கம், அதனால் வரவில்லை என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் அவளிடம் நான் கேட்டதில்லை.

மூட்டை திரும்பிப் பன்னிரண்டாம் வீட்டுக்கே போனது. கொட்டியிருந்த செங்கல்லில் கொஞ்சம் எடுத்து, உன் அறையில் நெஞ்சு உயரத்துக்குத் தூண் எழுப்பி, பலகை போட்டு, உன் பொருளையெல்லாம் அதன்மேல் அடுக்கிக் கொடுத்தேன். ஹெல்மெட்டை அவள் தன் கையால் வைத்தாள்.

மறுநாள் என் வாசலை உடைத்தேன். நான் போட்ட சிமெண்டின் தரம் எனக்கே அன்றுதான் தெரிந்தது. மூன்று சுத்தியல் வீரமரணம் அடைந்தன. அடியில் இருந்த மண்ணைப் பார்க்க வேண்டுமே. இத்தனை வருடம் வெயில் காணாமல், ஈரம் காணாமல், சாம்பல் மாதிரி வெளிறிப்போய், ஒரு மண்புழுகூட இல்லாமல். கையில் எடுத்தேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்தச் சரிவையும் உடைத்து, பத்மா ஏறுகிற மாதிரி நீளமாகச் சாய்த்துவிட்டேன்.

தோட்டத்தையும் தோண்டியாகிவிட்டது. நீ காகிதத்தில் எழுதியிருந்தபடி ஒரு கரண்டி சிமெண்டுகூட இல்லாமல், மிச்சச் செங்கல்லை ஓரத்தில் வெறுமனே அடுக்கி, நடுவில் மணலும் ஜல்லியும். என் கை எத்தனை தடவை கலவைச் சட்டியைத் தேடியது தெரியுமா? பத்மா பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவல் இருந்தாள். மல்லிகை இப்போது தொட்டியில். பிழைக்குமா என்று இன்னும் தெரியவில்லை, இலை வாடித்தான் இருக்கிறது.

மணியம் தன் வாசலை வெட்டச் சொல்லிவிட்டார். இன்னும் மூன்று வீடு சரி என்றார்கள். மற்றவர்கள் இல்லை. ஏழாம் வீட்டுக்காரர் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "உங்க மருமக போயிட்டாங்கன்னு எங்க டைல்ஸை உடைக்கணுமா பாஸ்?" அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த டைல்ஸை அவருக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, பேரன் காலத்துக்கும் தாங்கும் என்று சத்தியம் செய்தவனே நான்தான். அதனால்தான் பத்திரிகையில் எழுதுகிறேன். ஏழாம் வீட்டு அண்ணே, நான் உங்களுக்குச் சொன்னது தப்பு. என் மருமகள் சொன்னது சரி. அவள் இருந்தபோதும் சரியாகத்தான் இருந்தது.

போன வாரம் ஒரு மழை வந்தது. குழியில் கணுக்கால் அளவு நின்றது. பத்மா ஜன்னலை விட்டு நகரவில்லை. பொழுது சாய்வதற்குள் தண்ணீர் மண்ணுக்குள் போய்விட்டது. "குடிச்சிடுச்சுண்ணே" என்று போனில் சொன்னாள். நீ போன பிறகு அவள் குரலில் அப்படி ஒரு தெளிவை நான் கேட்டதில்லை. ஆனால் அது சின்ன மழை. வழக்கமாக நான் அதைப் பிரளயம் என்று சொல்லியிருப்பேன், உன்னிடம் அளக்க மனமில்லை.

பெரிய மழைக்கு என்ன ஆகும்? மேட்டிலிருக்கும் ஊரெல்லாம் நாளுக்கு நாள் மூடிக்கொண்டே வருகிறது. அத்தனை தண்ணீரும் இறங்கி வரும்போது பத்தடி அகலத் தோட்டம் எதைத் தாங்கும்? ஆறு வீடு திறந்து ஆறு வீடு மூடியிருந்தால் போதுமா? காகிதத்தின் ஓரத்தில் ஏதோ எண்கள் எழுதி, ஒன்றை மட்டும் வட்டமிட்டிருக்கிறாய். எத்தனை தடவை பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு அந்தச் சரியைப் பொய்யாகச் சொல்லாமல், உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இது என்ன எண் கண்ணு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நேரம் இருந்தது. பத்மா மைலோவோடு திரும்பி வர ரொம்ப நேரம் ஆனது.

மாமாவின் சத்தியத்துக்கு மார்க்கெட்டில் மதிப்பில்லை. இருந்தாலும் ஒன்று செய்து தருகிறேன், வாங்கிக்கொள். அடுத்த பெரிய மழைக்கு நான் என் வீட்டில் இருக்க மாட்டேன். வானம் கறுத்ததும் பன்னிரண்டாம் வீட்டுக்குப் போய் பத்மா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். குழி தாங்கினால் இரண்டு பேருமாகப் பார்ப்போம். தாங்காமல் உள்ளே வந்தால், வருகிற தண்ணீரை வேறு ஒருத்தர் வாசலுக்குத் தள்ளிவிடாமல் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உனக்குக் காது குத்திய அன்று மடி கொடுத்து, உன்னைவிடச் சத்தமாக அழுத உன் தாய்மாமன்,
செல்வராஜ்